ஜெஃப்ரிக்கு ஒரு வார்த்தை

— ‘உங்க கடிதம் என்னை லூர் பண்ணுது’ன்னா எழுதியிருக்க? அடிப்பாவி! அது ஏமாத்தி இழுக்கிற வார்த்தை லெனுத்சா. வல்லூறு பழக்கறவன் இறகுக் கொத்தை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுவானே, அதுக்குத்தான் அந்தப் பேரு.

— எனக்கென்ன தெரியும் ரோதிகா டீச்சர்? அகராதியில ‘கவர்ந்திழு’ன்னு இருந்துச்சு, போட்டேன். சரி, ‘என்டைஸ்’?

— அதுவும் அதே ரகம்தான். ஆசை காட்டிக் கெடுக்கறது.

— ‘டிகாய்’?

— பழகின வாத்து. குளத்துல அதை நீந்த விட்டு, காட்டு வாத்துங்களை வலைக்குள்ள கூட்டிட்டு வர வைப்பாங்க. இதுக்குன்னே எத்தனை வார்த்தை வச்சிருக்கான் பாரு இந்த இங்கிலீஷ்காரன்!

— நம்ம முதலாளி ஒரு வார்த்தையும் பேசாமலே செய்யறான். நீங்களே சொல்லுங்க, கிழவர் ஜெஃப்ரிக்கு என்ன எழுதட்டும்? ஞாயித்துக்கிழமைக்குள்ள வீட்டை வித்துப் பணத்தை அனுப்ப அவரைச் சம்மதிக்க வைக்கணுமாம்.

— சொல்ல மாட்டேன். தபால்காரரா இருந்த மனுஷன். பொண்டாட்டி செத்து வருஷம் ஒண்ணுகூட ஆகல. தான் வளர்க்கிற புறாவுக்கெல்லாம் பேர் வச்சு எழுதி அனுப்பியிருக்காரே, படிச்சியா?

— படிச்சேன். ஒண்ணுக்கு என் பேரு. என் பேருன்னா, காதலி மாதிரி நடிச்சு அவருக்கு நான் சொன்ன பொய்ப் பேரு டீச்சர்.

— மால்டோவாவுல எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்தவ நான். ஓட்டல்ல வரவேற்பு வேலைன்னு கடிதம் வந்துச்சு, நம்பி நாடு விட்டு இந்த டுரஸ் கடற்கரைக்கு வந்தேன். வந்த அன்னைக்கே பாஸ்போர்ட்டைப் பிடுங்கிட்டான், கதவுக்கு வெளியில பூட்டு.

— மெல்லப் பேசுங்க. படிக்கட்டுல முதலாளியோட ஆள் நிக்கறான்.

— ரெண்டு வருஷமா எப்படித்தான் இங்க இருந்தியோ!

— இனிமே இல்ல டீச்சர். நாளைக்கு மத்தியானம் எனக்குக் கப்பல். பாஸ்போர்ட்டைக் குடுத்துட்டான்.

— உன்னை மட்டும் எப்படி விட்டான்?

— அப்படிப் பாக்காதீங்க.

— எப்படி விட்டான்னு கேக்கறேன்.

— நல்லா இங்கிலீஷ் தெரிஞ்ச ஒருத்தரை வரவழைச்சா, வரவழைச்சவங்க இங்கிருந்து போகலாம். அதான் இங்க சட்டம். உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான். சத்தியமா, வேற வழி தெரியல. திட்டுங்க. அறையணும்னாலும் அறைஞ்சிடுங்க.

— இந்தச் சட்டம் எனக்கும் உண்டா?

— எல்லாருக்கும்தான். ஏன் டீச்சர்?

— லேப்டாப்பை இப்படித் திருப்பு. என் தங்கச்சி என்னைவிட நல்லா இங்கிலீஷ் பேசுவா.