மீனுக்கு ஒரு நியாயம், கோழிக்கு ஒரு நியாயம்

ஆரோ கதைத்த கதை உனக்கெதுக்கு? கேளாமல் விடமாட்டாய், சரி.

வெள்ளவத்தைக்கு வந்த பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவளின் புருஷன் பேலியகொடையில் மீன் விற்கிறவன்.

“மீனுக்கு மருந்து அடிக்கிறாங்கள் எண்டு டீவியில சொன்ன நாள் தொட்டு ஒருத்தரும் வாங்கேல்லை, அக்கா. எல்லாம் அழுகுது. அந்தச் சனல் சொல்றது அவ்வளவும் பொய்.”

“போன மாசம் கோழிக்கு நோய் எண்டதும் அதே சனல்தானே? நீயெல்லோ வீடு வீடாப் போய்ச் சொன்னனீ?”

“அது உண்மை அக்கா. அப்ப எங்களுக்கு நல்ல வியாபாரம்.”

சொன்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டார், மீன் செய்தி மெய்யா என்று கேட்டார்கள். சுத்தப் பொய் என்றேன். விடியவே பாரை மீன் வாங்கிக் குழம்பும் வைத்தாயிற்று, வேறு என்னத்தைச் சொல்ல?