தோள்வலி

மனைவிக்குத் தோள் வலிக்கவில்லையே என்று ஒரு மனிதர் வருத்தப்பட்டதைக் கிள்ளானுக்குப் போகும் மாலை ரயிலில்தான் கேட்டேன். எதிர்ப் பலகையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்; அவர் மடியில் ஒரு பை இருந்தது. கல்யாணமாகி ஏழு வருஷமாகக் குழந்தை இல்லை, கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் அதற்கான சோதனை முடிந்து திரும்புகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"தோள் வலிக்குதா, காமாட்சி?"

"இல்லைங்க. எத்தனை தடவ கேப்பீங்க?"

"கொஞ்சங்கூட இல்லியா?"

"இல்ல. கர்ப்பப்பைக்குள்ள காத்த அடிச்சாங்களே, அப்பதான் உயிர் போச்சு. பக்கத்துல நின்ன நர்ஸ் மிஸ்ஸி கையக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டேன். இப்ப நல்லாத்தான் இருக்கேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரயில் பத்து தீகா ஸ்டேஷனைத் தாண்டியது.

"ஏங்க, மொகம் ஏன் இப்படி ஆயிருச்சு?"

"கருக்குழாய்ல அடைப்பு இல்லாம, அடிச்ச காத்து உள்ள போக வழி இருந்தா, அப்பறமா தோள் வலிக்குமாம். வலிச்சா நல்ல சேதின்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, எனக்காக வலிக்குதுன்னு சொல்லிருவே."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிப் படி எறங்குனதுலேருந்து வலது தோள் கடுக்குதுங்க. அதான் பைய உங்க கையில குடுத்தேன். நீங்க பயந்துருவீங்கன்னு வாயத் தொறக்கல."

அவர் பதறிப்போய்த் தோளை நீவிவிடக் கை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீவாதீங்க. கொஞ்ச நேரம் வலிக்கட்டும்."