காட்ட முடியாததற்கு விலை சொன்ன அக்காவுக்கு

எண்ணத்தில் நேர்மையும் எழுத்தில் எளிமையும் எதிரே அமர்ந்தவரிடமும் இரக்கமும் கொண்ட மதிப்பீட்டுத் துறைத் தலைவி அவர்களே, நாங்கள் அன்போடு அழைக்கும் தராசக்கா அவர்களே, பணி நிறைவு பெறும் தங்களுக்கு ஆய்வுக்கூடத்தாரின் வணக்கம்.

கட்டடத்தை அளந்து விலை சொல்லலாம். கருவியை நிறுத்து விலை சொல்லலாம். ஒரு காப்புரிமையும், அதற்கு உயிர் கொடுக்கும் கைப்பழக்கமும் எந்த அளவுகோலுக்கும் அடங்காதவை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தாங்கள் விலை சொன்னது அவற்றுக்குத்தான். அத்தனையையும் சொல்ல இம்மடல் போதாது. ஒரு பிற்பகலை மட்டும் சொல்கிறோம்.

கடன் கழுத்தை நெரித்த நேரம் அது. மருந்துக்கான நொதியைச் சுரக்கும் நம் ஈஸ்ட் வகையை வாங்க ஒரு பெரிய நிறுவனத்தார் வந்திருந்தார்கள். பேரம் முறிந்தால் ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு. காப்புரிமைக்கு நல்ல விலை சொன்னவர்கள், அந்த ஈஸ்ட்டை வளர்க்கும் நுணுக்கத்துக்கு மட்டும் எதுவும் தர மறுத்தார்கள்.

“பாக்காத சரக்குக்கு எப்படிம்மா விலை கொடுக்கிறது?” என்றார் அவர்களுடைய தலைவர்.

காட்டினால் கற்றுக்கொண்டு போய்விடுவார்கள், காட்டாவிட்டால் நம்பமாட்டார்கள். பின்வரிசையில் இருந்த நாங்கள் தங்களையே பார்த்தோம்.

அந்த நேரத்தில்தான், அவர்களுடைய இளம் மதிப்பீட்டாளர் திரையில் காட்டிய கணக்கில் தாங்கள் ஒரு பிழையைக் கண்டீர்கள். காப்புரிமையின் ஆயுளை விண்ணப்பித்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அவரோ அனுமதி கிடைத்த நாளிலிருந்து எண்ணியிருந்தார். அதனால் ஐந்தாண்டு கூடியிருந்தது, விலையும் கூடியிருந்தது.

நம் நிதி அதிகாரியும் அதைக் கவனித்துவிட்டார். “அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வாயைத் தொறக்காதீங்க,” என்று காதோடு கெஞ்சினார். தாங்கள் ஒரு நொடி கண்களை மூடினீர்கள். வேண்டிக்கொள்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரிந்தது.

“தம்பி, எங்க அறிக்கையில ரெண்டு தேதியையும் ஒட்டி ஒட்டிப் போட்டு நாங்கதான் உங்களைக் குழப்பிட்டோம். விண்ணப்பிச்ச நாள்லேருந்து எண்ணிப் பாருங்க.”

அவர் எண்ணிப் பார்த்துவிட்டுத் திரையை அணைத்தார். வாங்க வந்தவர்கள் எல்லோரும் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார்கள்.

“முடிஞ்சுது. பூட்டு வாங்க ஆள் அனுப்பட்டுமா, நானே போகட்டுமா?” என்றார் நிதி அதிகாரி.

“முதல்ல டீயைக் குடிங்க, ஆறுது,” என்றீர்கள்.

திரும்பி வந்தவர்கள் காப்புரிமையின் விலையைக் குறைத்தார்கள். பிறகு தலைவர் தங்களையே பார்த்துக் கேட்டார்: “அந்த வளர்ப்பு நுணுக்கத்துக்கு நீங்க சொன்ன விலை நியாயந்தானா?”

“நியாயந்தாங்க. ஆனா அது இவங்க கையில இருக்கு. இவங்க வேலையில இருந்தாத்தான் உங்களுக்கு வரும்,” என்று பின்வரிசையிலிருந்த எங்களைக் காட்டினீர்கள்.

“சரி, அந்த விலை, இவங்க வேலை, ரெண்டையும் ஒப்பந்தத்துல எழுதிக்கங்க. நான் பாக்க வேண்டியதில்ல. நீங்க சொன்னாப் போதும்.”

முன்பு கிடைக்கவிருந்ததைவிட அது குறைவுதான். ஆனாலும் கடன் அடைந்தது. பூட்டு வாங்க யாரும் போகவில்லை.

அக்கா, நோயற்ற உடலும் நிறைந்த மனமும் நெடிய வாழ்வும் இறைவன் தங்களுக்கு அருளட்டும். எங்கள் நன்றியின் ஆயுளை மட்டும், இந்த மடலைத் தரும் இன்றிலிருந்து எண்ணாதீர்கள். தாங்கள் வாய் திறந்த அந்தப் பிற்பகலிலிருந்து எண்ணுங்கள்.

அன்புடன்,
இன்றும் வேலையில் இருக்கும் ஆய்வுக்கூடத்தார்