ஏழாவது மாடிக்குக் கேட்கிற ஹாரன்

— இந்த ஏர் ஹாரன் லோரிக்குப் போடுறது, பக்கிரிண்ணே. காய்கறி ஏத்துற பிக்கப்புக்கு எதுக்கு? ரோட்டுல புடிச்சா சம்மன்தான்.

— வந்தா வரட்டும். நீ மாட்டு, வாசு.

— ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தா வேல சுலபம். ப்ளாட்டு பார்க்கிங்ல, இந்த வெயில்ல படுக்க வச்சுட்டீங்க.

— எப்படி வரது? பின்னால பாரு. அந்த மைவி காரு நகர்ந்தாத்தானே என் வண்டி வெளிய வரும்.

— டபுள் பார்க்கிங்கா? தள்ளிவிட வேண்டியதுதானே லா.

— ஹேண்ட்பிரேக்கப் போட்டுட்டுப் போயிட்டாரு மனுசன். முந்தாநாள் ராத்திரி விட்ட காரு. நேத்து விடிகாலையில அர மணி நேரம் ஹாரன் அடிச்சேன். இன்னைக்கும் அடிச்சேன். எட்டிக்கூடப் பாக்கல.

— யாரு காரு?

— யோகநாதன் சாரு. ஏழாவது மாடி. ரிட்டையர்டு, தனி ஆளு. மக ஆஸ்திரேலியாவுல. முன்னெல்லாம் ஹாரன் கேட்டா கைலியோட மெதுவா எறங்கி வந்து, 'குறை நினைக்காதேங்கோ'ம்பாரு. எனக்கும் கோவம் போயிரும். இப்ப என்னமோ திமிரு.

— போன் போடலியா?

— நம்பர் கெடையாது. எட்டு வருசமா ஒரே ப்ளாட்டு, கேட்டுக்கிட்டதே இல்ல.

— மேல போய் ஒரு வார்த்த சொல்றது?

— லிப்ட்டு செத்து ஒரு வாரம் ஆச்சு. ஏழு மாடி ஏற என் முட்டி ஒத்துக்காது. அதோட நான் ஏன்பா போய்க் கெஞ்சணும்? இங்க ஹாரன் அடிச்சா காருக்காரன் எறங்கி வரணும். அதான் முறை.

— சரி சரி, கோவத்துல ஒயர இழுக்காதீங்க.

— கோவம் இல்ல வாசு, அலுப்பு. ரெண்டு நாளா மேரு பாசார் சந்தையில போய்க் காய் எடுக்கல. நாளைக்கும் வரலேன்னா வேற ஆளப் பாத்துக்கிறோம்னு பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில சொல்லிட்டாங்க. அந்த ஒரு கடைய நம்பித்தான் என் வீட்டுல அடுப்பு எரியுது.

— ம். மாட்டியாச்சு. அமுக்குங்க.

— எப்படி?

— காது அடைச்சிருச்சுண்ணே.

— இப்ப நல்லா நீட்டி அடிக்கிறேன் பாரு.

— போதும், போதும். எங்கயோ புள்ள அழுவுது. அஞ்சாவது மாடி அக்கா திட்டுறாங்க. எல்லா ஜன்னல்லயும் தல தெரியுது.

— அவரு ஜன்னல்ல தெரியுதா? தெரியாது. வீம்பு.

— எதுண்ணே அவரு வீடு? லைட்டு எரியுதே, அதா?

— அதேதான். பட்டப்பகல்ல லைட்டு. கரண்டுக்குக் கட்டக் காசு இருக்கு, எறங்கி வரக் கால் இல்ல. இன்னொரு தடவ அமுக்குறேன்.

— இருங்க. நேத்து காலையிலயும் அந்த லைட்டு எரிஞ்சுச்சா?

— எரிஞ்சுச்சு. இன்னைக்கு விடிகாலையிலயும்தான். முழிச்சுக்கிட்டே வரமாட்டேங்கிறாரேன்னு எனக்கு வயிறு எரிஞ்சுச்சு.

— ஹாரன்லேருந்து கைய எடுங்கண்ணே. மேல போவோம் வாங்க. நான் இரும்புக் கம்பிய எடுத்துக்கிறேன், கதவ ஒடைக்க வேண்டியிருக்கும்.