இருட்டறையில் போட்ட விளக்கு

மேலே கண்ட பெயரும் விலாசமும் என்னுடையவை. வயது இருபத்தொன்பது. உயிர்வேதியியல் முதுகலை படித்திருக்கிறேன். கணவருடனும் இரண்டு வயது மகளுடனும் வசிக்கிறேன். மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. கொழுப்பைச் சிதைக்கும் நொதி குழந்தைகளின் உயிருள்ள செல்களில் வேலை செய்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. அதற்கென ஒரு சாயம் உண்டு. செல்லுக்குள் நொதி அதை வெட்டினால் ஒளிரும், இல்லாவிட்டால் ஒளிராது. வெளிச்சம் பட்டால் சாயம் கெட்டுவிடும் என்பதால் இருட்டறையில்தான் வேலை செய்வோம், செல்கள் இருக்கும் தட்டையும் அலுமினியத் தாளால் மூடிவைப்போம்.

சம்பவத்தன்று ஒரு கைக்குழந்தையின் செல்கள் வந்தன. ஒப்பிடுவதற்கான, நோயில்லாதவரின் செல்கள் இருந்த வரிசைக்குச் சாயம் விட்டு மூடிவிட்டு, குழந்தையின் வரிசையை மட்டும் திறந்து சாயம் விட்டேன். அப்போது என் கணவர் வீடியோவில் அழைத்தார். உள்ளே கைபேசி கொண்டுபோகக் கூடாது, நான் கொண்டுபோயிருந்தேன். "ஒரு வாய் வாங்கல. அம்மா மூஞ்சியப் பாத்தாத்தான் வாயத் தொறப்பாங்களாம் மகாராணி. நீயாச்சு, உன் பொண்ணாச்சு" என்றார். மகள், "அம்மா காணோம், இருட்டா இருக்கு" என்று அழுதாள். என் முகம் தெரியட்டுமென்று மேசை விளக்கைப் போட்டேன். அவள் சிரித்தாள், சாப்பிட்டு முடிக்கும்வரை விளக்கு எரிந்தது. அதன் பிறகு அணைத்தேன்.

அதன் பிறகு கருவியில் பார்த்தபோது மூடியிருந்த வரிசை ஒளிர்ந்தது, திறந்திருந்தது ஒளிரவில்லை. விளக்கு ஞாபகம் வந்தது. திரும்பச் செய்யச் செல்களும் மீதமிருந்தன. திரும்பச் செய்தால் ஏன் என்று கேட்பார்களே என்று பயந்து, நொதி இல்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டேன். அதை நம்பிப் போட்ட நொதி ஊசி ஒத்துக்கொள்ளாமல் குழந்தைக்கு மூச்சுத் திணறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். வேறு கூடத்தில் பார்த்ததில் நொதி நன்றாகவே இருந்தது.

அதன் பிறகு நடந்த விசாரணையில், சாயத்தில் வெளிச்சம் பட்டிருக்கிறது, இருட்டறைக் கதவை எங்கள் கூடத்து உதவியாளர் அண்ணன் திறந்திருப்பார் என்று முடிவு செய்தார்கள். "நீதானம்மா உள்ள இருந்த? நான் தொறக்கலன்னு சொல்லேன்" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவரைப் போலீசார் அழைத்துப் போனார்கள்.

இன்று தீவிர சிகிச்சைப் பிரிவு வழியாக வந்தேன். குழந்தையின் தாய் கண்ணாடிக் கதவில் முகத்தை ஒட்டவைத்து நின்றிருந்தார். "உள்ள விடமாட்டாங்களாம். என் மூஞ்சியாவது அவனுக்குத் தெரியட்டும்" என்றார். அங்கிருந்து நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். உதவியாளர் அண்ணன் கதவைத் திறக்கவில்லை.

எழுத்தர் இதைப் படித்துக் காட்டினார். விளக்கைத் "தவறுதலாக" போட்டதாக இருந்தது. "அப்படித்தாம்மா எழுதுவோம், உங்களுக்கும் நல்லதுதானே" என்றார். அந்தச் சொல்லை அடிக்கச் சொன்னேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, உண்மை. அடித்த இடத்திலும் கீழேயும் கையெழுத்திட்டிருக்கிறேன்.