காது குத்துக்கு வந்த மலர்வளையம்

பள்ளிபாளையம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவர் சொன்னார்: “எங்க மாமனாரு உசுரோட இருக்கறப்பவே எம்.எல்.ஏ. மலர்வளையம் வெச்சுட்டாருங்க்கா.”

“என்ன கண்ணு சொல்ற?”

“பாப்பாவுக்குக் காது குத்துன்னு ஊட்டு முன்னால பந்தல் போட்டிருந்தமுங்க. அடுத்த வீதியில ஒரு எழவு. எம்.எல்.ஏ. கார உட்டு எறங்குனதும் மொதப் பந்தலுக்குள்ள பூந்துட்டாரு. அங்க மாமா கட்டில்ல அசந்து தூங்கிட்டிருந்தாரு.”

“வாழமரம் கட்டியிருந்துமா தெரியல?”

“மூணு தடவ செயிச்சவருங்க்கா. செயிச்சப்பறம் எங்கூருக்கு எழவுக்கு மட்டுந்தான் வருவாரு. பந்தலப் பாத்தா வேறென்ன தோணும்? வளையத்த நெஞ்சு மேல வெச்சுக் கும்பிட்டு, போட்டோவுக்கும் நின்னாரு.”

“அப்பறம்?”

“மாமா முழிச்சுக்கிட்டாரு. அதுக்குக்கூட எம்.எல்.ஏ. அசரலீங்க. ‘ஏனுங்க, வாய்க்கால்ல தண்ணி எப்ப உடுவீங்க’ன்னு மாமா கேட்டாரு பாருங்க, அப்பத்தான் காரப் பாத்து ஓடுனாரு.”

அக்கா சிரிக்கவில்லை. “தூ, இதெல்லாம் ஒரு பொழப்பா?” என்றார்.

“ஓடுறப்பவும் வளையத்த மறக்காம எடுத்துக்கிட்டாருங்க்கா. அடுத்த வீதியில வெக்கோணுமில்ல?”