ஆறு நிமிட வித்தியாசம்

கடவுச்சொல் தவறு என்று கணினி சொன்னால் மனிதர்கள் முதலில் தங்களைத்தான் சந்தேகிப்பார்கள். இரண்டாம் முறை ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குப் போன் வரும். அன்று காலை கிடங்கில் இருந்த அத்தனை பேரும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள். யாருடைய கணினியும் யாரையும் உள்ளே விடவில்லை.

நீங்கள் கேட்டதால் விவரமாகவே சொல்கிறேன் ஐயா. அங்கே கதவுகளும் சர்வரைக் கேட்டுத்தான் திறக்கும். அட்டையைக் காட்டினால் ஆள் யாரென்று சர்வர் சொல்ல வேண்டும். அது சொல்ல மறுத்தபோது உறைபதன அறைக்குள் அத்தான் இருந்தார். அக்காவின் கணவர், கிடங்கின் மேலாளர். உள்ளிருந்தே திறக்க உதவும் கைப்பிடி சில நாட்களாக உடைந்து கிடந்தது. புகார் என்னிடம்தான் வந்தது. பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அந்த அறையோடு பேச என் மேசையில் ஓர் ஒலிபெருக்கி உண்டு. முதலில் சிரித்துக்கொண்டேதான் பேசினார்.

"என்ன மச்சான், சம்பளம் கூட்டணும்னா நேர்ல கேக்கலாமே. இப்படியா ஆளைப் பூட்டி வைப்பே?"

"சர்வர் மக்கர் பண்ணுது அத்தான். ரெண்டு நிமிஷம்."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. அதுக்குத்தானே உன்னை வச்சிருக்கு."

ஆஃப் செய்து ஆன் செய்தேன். இணைப்புகளைக் கழற்றி மாட்டினேன். ஒவ்வொருவர் கணக்கையும் திறந்து பார்த்தேன். முறைப்படி பார்த்தால் இதில் எதையும் தவறென்று சொல்ல முடியாது.

கணக்குப் பிரிவிலிருந்து அக்கா ஓடிவந்தாள். "தம்பி, வெறும் சட்டையோட போயிருக்கார்டா. கோட்டு நாற்காலியிலயே கிடக்கு. நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச மனுஷன்டா."

என் தோளில் கை வைத்தாள். எடுக்கவில்லை.

காவலாளிகள் கடப்பாரையோடு போனார்கள். எஃகுக் கதவில் கீறல்தான் விழுந்தது. எலக்ட்ரீஷியன் மட்டும் வாசலில் நின்று கேட்டார்: "சார், மெயினை இறக்கிடட்டுமா?"

"வேண்டாம்ணே. கரண்ட் போனா அந்தப் பூட்டு இறுகிடும்."

அது உண்மையல்ல. காந்தப் பூட்டு, மின்சாரம் போனால் தானாகவே விட்டுவிடும். அவர் என்னை நம்பினார்.

அதன் பிறகு ஒலிபெருக்கியில் தட்டும் சத்தம் மட்டும் வந்தது. ஒரு தட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. இடையில் அத்தானின் குரல்: "மச்சான், விரல் மடங்க மாட்டேங்குது. விளையாடாதேடா." அக்கா பயப்படக் கூடாது என்று ஒலியைக் குறைத்தேன்.

கோளாறு எது என்று கேட்டீர்கள். சர்வரின் கடிகாரத்துக்கும் மற்ற கணினிகளின் கடிகாரத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிட்டால் சர்வர் யாரையும் நம்பாது. அதன் கடிகாரம் ஆறு நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. சரிசெய்வது நொடி வேலை. எனக்கு அது முதலிலேயே தெரியும், நகர்த்தியவன் நான் என்பதால். கேமரா திரையில் அத்தான் உள்ளே போவதைப் பார்த்தேன். கதவு சாத்தும்வரை காத்திருந்தேன்.

அவர் மேல் எனக்குப் பகை கிடையாது. இந்த வேலையே அவர் வாங்கிக் கொடுத்ததுதான். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. அக்கா சாமான்களைக் கட்டத் தொடங்கியிருந்தாள். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். அவரே மாட்டிக்கொள்ளும் அளவுக்குக் கிடங்கில் பெரிய கோளாறு ஒன்று வந்தால், அது தீரும்வரை மேலாளரை விடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். அவ்வளவுதான் திட்டம்.

தட்டும் சத்தம் நின்ற பிறகுதான் கடிகாரத்தைச் சரிசெய்தேன். அவர் கதவோடு சாய்ந்து உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

சத்தம் நிற்பதற்கு முன்பே பலமுறை விரல், கடிகாரத்தைச் சரிசெய்யும் விசைவரை போனது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது ஐயா. தன் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் அக்கா என் தோளில் கை வைத்தாள். கதவு திறந்தால் அதை எடுத்துவிடுவாளே என்று பயம்.